மஞ்சள் வரி

இந்தக் கட்டுரையில் தேதி போடப் போவதில்லை. நாற்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். கிழமை, தேதி, மணி மூன்றும் இல்லாமல் ஒரு வரி எழுதியதாக நினைவில்லை. ஆனால் புதுச்சேரி சின்ன ஊர். தேதியைப் போட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இதில் வருகிற அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: "எழுதறதா இருந்தா எழுதுங்க சார். என் பேர மட்டும் போடாதீங்க. அந்தப் பேர சந்தேகத்தோட சேத்து சொன்ன வரைக்கும் போதும்." ஆகவே பெயரும் இல்லை, தேதியும் இல்லை. மாதமும் கிழமையும் மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்தரைக்கு, நாங்கள் சிலர் நடத்தும் ஒரு வட்டத்தின் மாடி அறைக்கு அந்த அம்மா வருவார். வில்லியனூருக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து, வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாசலில் செருப்பை விட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தால், முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "போன தடவைக்கு அப்புறம் இந்த மிஷின்ல புதுசா யாரு இன்னா வெச்சீங்க?" பதில் சொல்லி முடிக்கும் வரை மவுசைத் தொடமாட்டார்.

பிறகு வைரஸ் தேடும் புரோகிராமை ஓடவிட்டு, பையிலிருந்து ஒரு நோட்டை எடுப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தார். பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுத்தான். திரையில் சிவப்பு எழுத்தில் வந்தால் வைரஸ். அதை எடுத்துப் போட்டுவிட்டு ஒரு கோடு கிழிப்பார். மஞ்சள் எழுத்தில் வருவதுதான் அவருக்கு முக்கியம். புரோகிராம் உள்ளே எட்டிப் பார்க்க முயன்று, முடியாமல் தாண்டிப்போன கோப்புகள் மஞ்சளில் வரும். கடவுச்சொல் போட்டுப் பூட்டியவை, வேறு புரோகிராம் பிடித்துவைத்திருப்பவை, கம்ப்யூட்டரே தனக்கென்று ஒதுக்கிக்கொண்டவை. ஒவ்வொரு மஞ்சள் வரிக்கும் எதிரே அது யாருடையது என்று கேட்டு எழுதுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவே மாட்டார்.

"செவப்பு வந்தா கவலையே இல்ல சார்" என்பார். "இன்னான்னு தெரிஞ்சிடுச்சு, தூக்கிப் போட்டுடலாம். மஞ்சள்தான் வேலை வைக்கும். பாக்க முடியலன்னா கெட்டதுன்னு அர்த்தம் இல்ல, நல்லதுன்னும் அர்த்தம் இல்ல. பாக்க முடியல. அவ்ளோதான். அதுக்கு மேல பேச நமக்கு வாயி கெடையாது."

இந்த வாசகத்தை அவர் பல வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் அது எனக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருந்ததுதான் பின்னால் வினையானது.

எங்கள் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் ஒருவரின் மனைவி, கணவர் சென்னைக்குப் போயிருந்த நாளில் இந்த அம்மாவைக் கூப்பிட்டு, கணவர் பூட்டி வைத்திருந்த ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டச் சொன்னார். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"நான் தொறக்கறவ இல்லக்கா."

"இன்னா, உனக்குத் தெரியாதா?"

"தெரியும். தொறக்க மாட்டேன்."

"அப்ப அந்தாளு இன்னா வேணா ஒளிச்சு வெச்சிக்கலாமா? நீயும் ஒரு பொம்பள தானே?"

"அண்ணன் வந்ததும் கேளுங்க. அவரே தொறந்தா நானும் நின்னு பாக்கறேன்."

அந்தப் பெண்மணி மோர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார். கணவர் வந்தபின் வீட்டில் பெரிய ரகளை. கடைசியில் அவரே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திறந்து காட்டினார். உள்ளே இருந்தவை அத்தனையும் அவர் கடையைச் சாத்திவிட்டுத் தனியாகப் பாடிப் பதிவு செய்த சினிமாப் பாட்டுகள். நூற்றுக்கு மேல். குரல் சகிக்காது. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. மறுமாதம் அந்த அம்மா போனபோது, பாட்டைக் கேட்கச் சொல்லி மனைவியே கூப்பிட்டாராம். "எனக்கு வேணாம்க்கா, அண்ணன் பாவம்" என்று வேலையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

யாராவது கடவுச்சொல் அடிக்க வேண்டியிருந்தால் நாற்காலியோடு திரும்பிக்கொள்வார். தலையை மட்டும் திருப்பினால் போதாது அவருக்கு. எங்கள் மாடி அறை குறுகல். நாற்காலியைத் திருப்ப அவர் எழுந்து, தூக்கி, சுவரைப் பார்த்துப் போட்டு, மறுபடி உட்கார வேண்டும். அதற்குள் நாங்கள் அடித்து முடித்திருப்போம். ஆனாலும் ஒருமுறைகூடத் திருப்பாமல் இருந்ததில்லை. "சுவத்துல இன்னாம்மா படம் ஓடுது?" என்று எங்கள் வட்டத்தின் தலைவர் கிண்டல் செய்வார். "உங்க காலண்டர்ல போன மாசமே கிழிக்காம கெடக்குது சார்" என்று சுவரைப் பார்த்தபடியே பதில் வரும்.

என் வீட்டு மிஷினில் ஒருநாள், ஒரு கோப்பை அழிக்கவே முடியவில்லை. வைரஸ் பிடித்த ஒரு படம். மூன்று தடவை அழித்தும் "உபயோகத்தில் உள்ளது" என்றே வந்தது. யாரோ வெளியிலிருந்து என் மிஷினுக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று பதறிப்போய் அவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். திரையின் அடியில் சின்னதாக மடங்கிக் கிடந்த ஒன்றைத் தட்டினார். அந்தப் படம் அங்கே திறந்தபடியே இருந்தது. நான் காலையில் பார்த்துவிட்டு மூடாமல் விட்டது.

"நீங்களே கெட்டியா புடிச்சிக்கினு, போவலியே போவலியேன்னா அது எப்பிடி சார் போவும்?"

சிரித்தோம். அன்றைய நாட்குறிப்பில் இந்த வாக்கியத்தை எழுதி, வலது ஓரத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டிருக்கிறேன்.

இனி எங்கள் வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஐந்து பேர். ஒரு பழைய வீட்டின் மாடி அறை. ஊர்க் குடும்பங்களிடம் உள்ள பழைய காகிதங்களை, அதாவது கல்யாணப் பத்திரிகை, பிரெஞ்சுக்காலப் பிறப்புச் சான்று, வீட்டுப் பத்திரம், படையிலிருந்து வந்த கடிதம் இவற்றை இரவல் வாங்கி, ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டுத் திருப்பித் தருவோம். தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் அரசு அலுவலகம் ஒன்றில் பதிவேடு எழுத்தராக இருந்தவன் என்பதால் பதிவேடு என் பொறுப்பு. எந்தக் காகிதம், எந்தக் கிழமை, எந்தத் தேதி, யார் கொடுத்தது, எந்தப் பெயரில் கோப்பு என்று அத்தனையும் எழுதுவேன். ஐந்து பேரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். "சார் சொன்னா கல்வெட்டு" என்பார் தலைவர். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும். மறுப்பதுபோல் கையை ஆட்டுவேன், பிடிக்கும்.

ஐப்பசி மாதத்து முதல் சனிக்கிழமை. மழை. ஒரு கல்லூரியில் எங்கள் சேகரிப்பைக் கண்காட்சியாக வைக்க இருந்தார்கள். மிஷினில் ஒரு கோளாறும் இருக்கக் கூடாது என்று அவர்கள் சொல்லியிருந்ததால் அன்று ஐந்து பேருமே அந்த அம்மாவின் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். சிவப்பு ஒன்றுமில்லை. மஞ்சளில் ஒரு வரி வந்தது. பிரிண்டருக்கான ஃபோல்டருக்குள், பிரிண்டர் செட்டிங் போலப் பெயரிட்ட ஒரு பெரிய கோப்பு. கடவுச்சொல் போட்டுப் பூட்டியது.

"பிரிண்டருக்கு எதுக்கும்மா பூட்டு?" என்றார் தலைவர்.

அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார். "சார், நல்லா யோசிச்சு சொல்லுங்க. யாராவது வெச்சிருப்பாங்களா?"

"இல்லம்மா. இந்த மிஷின்ல இருக்கற ஒவ்வொண்ணும் என் பதிவேட்டுல இருக்குது. இது இல்ல."

"இன்னொரு தடவ யோசிங்க சார்."

"யோசிக்க என்ன இருக்கு? அழிச்சிடுங்க."

"வேணாம் சார். அது பாட்டுக்கு இருக்கட்டும். கெட்டது இல்ல."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "உள்ள பாக்க முடியலன்றீங்க. கெட்டது இல்லன்றீங்க. அது எப்பிடி?"

நான் குறுக்கே புகுந்தேன். அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது கோபமே அல்ல என்பதை இங்கே எழுதியாக வேண்டும். ஒரு முடிச்சு அவிழ்ந்த சந்தோஷம். "பாக்க முடியாதத நல்லதுன்னும் சொல்லக் கூடாது, கெட்டதுன்னும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொல்வீங்க? இப்ப நல்லதுன்னு சொல்றீங்க. அப்ப உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிருக்குன்னா வெச்சது நீங்கதான்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை மூடிப் பையில் வைத்தார். புரோகிராமை முறையாக மூடினார். மவுசை அதன் அட்டைமேல் நேராக வைத்தார். "வரேன் சார்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மழையிலேயே போனார்.

திங்கட்கிழமை தலைவர் வேறு ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் மிஷினில் இருந்த எல்லாவற்றையும் அழித்து, என் பதிவேட்டில் இருந்த கோப்புகளை மட்டும், நாங்கள் பிரதி எடுத்து வைத்திருந்த தனி டிஸ்கிலிருந்து திரும்ப ஏற்றிக் கொடுத்தார். மஞ்சள் வரி போய்விட்டது. கண்காட்சி நன்றாக நடந்தது.

அந்த அம்மாவின் தொழில் எதை நம்பி நடந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. அவருக்குக் கடை இல்லை, போர்டு இல்லை. ஒரு வீட்டில் சொல்லி அடுத்த வீடு. மனிதர்கள் தங்கள் போட்டோக்களையும் கடிதங்களையும் பாஸ்புக்கையும் திறந்துவைத்து எழுந்துபோய்க் காபி போடும் அளவுக்கு நம்பிக்கை. தலைவருக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடம் அந்த அம்மாவை நிறுத்தியது. பிறகு ஒரு பல் டாக்டர். விசாரித்தவர்களிடம் நானும் சொன்னேன். திட்டிச் சொல்லவில்லை. நிதானமாக, காரண காரியத்தோடு, சாட்சி சொல்வதுபோலச் சொன்னேன். அதனால் எல்லோரும் நம்பினார்கள். தையல்கடைக்காரர் ஒருவர்தான், "அந்தப் பொண்ணா? என் பாட்டையே கேக்காத பொண்ணு சார் அது" என்று சொல்லிப் பார்த்தார். பாட்டுப் பாடுகிறவர் பேச்சு என்று விட்டுவிட்டேன். பொங்கலுக்குள் எங்கள் பக்கத்துத் தெருக்களில் அவருடைய ஸ்கூட்டியைக் காணவில்லை.

மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, மாலை நாலு மணி சுமாருக்கு, ஒரு சொல்தா என் வீட்டுக்கு வந்தார். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். எண்பது கடந்தவர். கையில் தொப்பி. முசியே என்றுதான், அதாவது பிரெஞ்சில் ஐயா என்று, அவரை எல்லோரும் கூப்பிடுவோம்.

"தம்பி, தங்கச்சி போயிட்டா. முப்பதாம் நாள் பூசையும் ஆச்சு. இப்ப தொறக்கலாம்."

"எதை முசியே?"

"காயிதத்த தம்பி. மூர்த்தி கடிதாசிங்க. நீதானே வாங்கிப் பூட்டி வெச்சே?"

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். அவரோடு படையில் இருந்த மூர்த்தி என்பவர் இவருடைய தங்கையை விரும்பி, கப்பல் கப்பலாகக் கடிதம் எழுதினார். அப்பாவுக்குப் பயந்து, அத்தனையையும் தங்கையிடம் கொடுக்காமல் இவர் ஒளித்து வைத்தார். மூர்த்தி திரும்பவில்லை. தங்கை கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயதான காலத்தில் அண்ணன் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். வீட்டில் வைத்திருந்தால் தங்கை கண்ணில் பட்டுவிடும் என்று, இவர் என்னிடம் ஸ்கேன் செய்யக் கொடுத்து, மூலக் கடிதங்களை எரித்துவிட்டார். அப்போது அவர் போட்ட நிபந்தனைகள்: வேறு பிரதி எடுக்கக் கூடாது. தங்கை இருக்கும்வரை யாரும் பார்க்கக் கூடாது. பதிவேட்டிலும் ஏறக் கூடாது.

"அவ இருக்கறப்ப தெரிய வேணாம்னு நெனச்சேன். நானும் போறதுக்குள்ள யாருக்காவது தெரிஞ்சே ஆவணும் தம்பி. நான் பண்ணது எழுத்துல இருக்கணும்."

"எடுத்து வைக்கிறேன் முசியே. கொஞ்சம் வேலை இருக்குது" என்றேன்.

அவர் போனதும் நாட்குறிப்புகளைக் கீழே இறக்கினேன். நாலு வருடத்துக்கு முந்தைய புத்தகத்தில், ஒரு சனிக்கிழமையின் கீழே, என் கையெழுத்தில் இருந்தது: "காலை 9.10. முசியேயின் கடிதங்கள் பூட்டினேன். மற்றவர்கள் கண்ணில் படாதிருக்கப் பிரிண்டர் ஃபோல்டருக்குள் வைத்தேன். பெயரையும் மாற்றினேன். பதிவேட்டில் ஏற்றவில்லை." அதற்கடுத்த வரியில் அன்றைய மழையளவைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

அதை எப்படி மறந்தேன் என்று பல விதமாக யோசித்துவிட்டேன். அந்த ஆண்டுதான் என் மனைவி படுக்கையில் விழுந்தாள், எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. ஒன்றும் பொருந்தவில்லை. எழுதி வைத்ததெல்லாம் நினைவில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். பழைய பொய்ச்சாட்சிகளைப் பற்றி எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னவர்கள். அதைப் படித்தபோது எனக்கு அவர்கள்மேல் இரக்கம் வந்ததில்லை.

இதுவரைக்கும் தவறு. இதற்கு மேல் வேறு. பதினோரு வாரம் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்தப் பதினோரு சனிக்கிழமையும் மாடி அறைக்குப் போனேன். பதிவேடு எழுதினேன். தலைவர், "சார் சொன்னா கல்வெட்டு" என்றார் ஒருமுறை, கையை ஆட்டினேன். முசியே இரண்டு தடவை ஆள் அனுப்பினார். "இதோ" என்றேன். அந்த அம்மாவின் போன் நம்பர் என் புத்தகத்தில் இருந்தது. எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன்.

கடைசியில் நான் போனதற்குக் காரணம் மனசாட்சி என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. ஒருநாள் காலை பல் விளக்கும்போது தோன்றியது: அந்த அம்மா அந்தக் கோப்பை ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தால்? அன்று அவ்வளவு பிடிவாதமாக அழிக்க வேண்டாம் என்றாரே. இருந்தால் முசியேயிடம் கொடுத்துவிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. அன்றே கிளம்பினேன்.

தையல்கடைக்காரர்தான் இடம் சொன்னார். கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குகிற பக்கத்தில், இன்னொருவருடைய ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தார். பல ஊர்களிலிருந்து வந்திறங்கும் நோயாளிகளுக்கு ஆதார் பிரதி, ஆன்லைன் படிவம். நான் போனபோது திண்டிவனத்துப் பக்கத்துக்காரர் ஒருவர் தன் போனுக்கு வந்த ரகசிய எண்ணைத் தடவித் தடவி அடித்துக்கொண்டிருந்தார். "நம்பர வெளிய சொல்லாதீங்கப்பா" என்றபடி இந்த அம்மா நாற்காலியோடு சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தார். இது உருளுகிற நாற்காலி. தூக்க வேண்டியதில்லை.

திரும்பியதும் என்னைப் பார்த்தார். "வாங்க சார். ஜெராக்ஸா?"

"இல்லம்மா. ஒண்ணு சொல்லணும்."

திண்டிவனத்துக்காரர் போகும்வரை நின்றேன். பிறகு, "அந்த மஞ்சள் வரி…" என்று தொடங்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவர் மெள்ள நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய முதுகைப் பார்த்துத்தான் சொல்லி முடித்தேன்.

"அத வெச்சது நான்தாம்மா."

"தெரியும் சார்."

திரும்பி, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். எங்கள் வட்டத்துக்கென்று வைத்திருந்த நோட்டு. பின்பக்கமெல்லாம் யார் யாருக்கு எத்தனை பிரதி என்ற கிறுக்கல். "பாதி காலியா இருந்திச்சு சார், வீணாக்க மனசு வரல" என்றார். முன்பக்கம் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தார். நாலு வருடத்துக்கு முந்தைய ஒரு முதல் சனிக்கிழமை. "மஞ்சள் 1. பிரிண்டர் ஃபோல்டர். சார் வெச்சது. பெரியவர் ஒருத்தர் குடுத்த காயிதம். யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு படிக்கட்டுல சொன்னார்." அதற்குப் பின் மாதாமாதம் அந்த வரிக்கு எதிரே "பழசு" என்று மட்டும் இருந்தது; அதனால்தான் மறுபடி கேட்டதில்லை.

படிக்கட்டு நினைவுக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. என் நாட்குறிப்பில் இல்லாதது அந்தக் கணக்கு நோட்டில் இருக்கிறது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீங்க நடிக்கிறீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார். "நாலு பேர் இருக்காங்க, ரகசியம் வெளிய போவக் கூடாதுன்னு எம்மேல போடறீங்க, சாயந்திரம் போன் பண்ணி அவங்களுக்குப் பக்குவமா சொல்லிடுவீங்கன்னு. வூட்டுக்குப் போயி போன பக்கத்துலயே வெச்சிக்கினு இருந்தேன். ஞாயித்துக்கெழம பூரா இருந்தேன். இஸ்கூல்ல வர வேணாம்னு சொன்னப்பதான், நெசமாவே சொல்லியிருக்காருடின்னு தெரிஞ்சுது."

"அப்புறமாவது…"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னது நீங்கதானே சார்? சொல்லுன்னு இன்னும் நீங்க சொல்லலியே."

ஒரு பஸ் வந்து நின்றது. கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்கி, ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று கேட்டாள். இவர் எழுந்து வாசல்வரை போய்க் கைகாட்டிவிட்டு வந்தார்.

வந்த வேலையை நான் அப்போதாவது விட்டிருக்கலாம். விடவில்லை. "அந்தக் கோப்ப… நீங்க எங்கயாவது ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களாம்மா? அந்தப் பெரியவர் கேக்கறார். அதோட மூலம் இல்ல."

அவர் முகம் மாறியதை முதல்முறையாகப் பார்த்தேன். அன்று மாடி அறையில்கூட அப்படி மாறவில்லை.

"வெச்சிருந்தா நல்லாருக்கும் இல்ல?" என்றார். "ஆனா வெச்சிருந்தேன்னா, நீங்க அன்னிக்குச் சொன்னது நெசமா பூடும் சார்."

நான் கிளம்பும்போதுதான், தன் பெயரைப் போட வேண்டாம் என்ற அந்த வேண்டுகோளைச் சொன்னார்.

கோரிமேட்டிலிருந்து நேராக முசியே வீட்டுக்குப் போனேன். கடிதங்கள் இல்லை, அழித்தது நான்தான் என்றேன். தொப்பியின் விளிம்பைத் தடவினார். "அவ கைக்குப் போவாத காயிதம் தம்பி அது. இப்ப யார் கைக்கும் போவல" என்றார். கோபித்திருந்தால் தேவலை. இப்போது வியாழக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போகிறேன். அவர் நினைவில் இருப்பதைச் சொல்கிறார், நான் எழுதுகிறேன். மூர்த்தி எழுதிய வரிகள் ஏழோ எட்டோதான் அவருக்கு நினைவிருக்கின்றன. வாரத்துக்கு வாரம் அவையும் சிறிது மாறுகின்றன.

அடுத்த சனிக்கிழமை வட்டத்தில் சொன்னேன். நின்றுகொண்டு சொன்னேன். கேட்டு முடித்ததும் தலைவர், "விடுங்க சார், பழைய கதை. நாங்க அப்பவே மறந்தாச்சு" என்றார். அவர்கள் மறந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பைப் பிடுங்கிய பேச்சு, பிடுங்கியவர்களுக்கு நினைவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் பல் டாக்டருக்கும் நானே நடந்து போய்ச் சொன்னேன். டாக்டர், "யாரு? ஓ, அவங்களா" என்றார். பள்ளிக்கூடத்தில் அதற்குள் வேறு ஆள் வந்தாயிற்று. நான் யார் யாரிடம் சொன்னேன் என்று நாட்குறிப்பைப் பார்த்து ஒரு பட்டியல் எடுத்து, ஒவ்வொருவரிடமும் போனேன். ஒருவர் இறந்துபோயிருந்தார். அவர் யாரிடம் சொன்னார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

என் பிடிவாதத்தால் தலைவர் அந்த அம்மாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"எங்க மேல தப்பும்மா. பழையபடி வரணும்."

"வரேன் சார். கடைக்கு மொதோ சனிக்கெழம லீவு சொல்லிக்கிறேன். ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க."

"பதிவேடு எழுதற சார் அன்னிக்கு வர வேணாம்."

யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. "சரிம்மா" என்று நான்தான் சொன்னேன். "மெர்சி சார்" என்றார். எங்கள் ஊரில் பழைய ஆட்கள் சொல்லும் நன்றி. அவர் வாயில் அதுவரை கேட்டதில்லை.

இப்போது முதல் சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்கிறேன். போன மாதம், பதினொன்றே கால் மணிக்குத் தலைவர் போன் செய்தார்.

"சார், மஞ்சள்ல ஒரு வரி வந்திருக்காம். உங்களுதான்னு அந்தம்மா கேக்கச் சொல்றாங்க. நல்லா யோசிச்சு சொல்லணுமாம்."

பின்னணியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ கடவுச்சொல் அடிக்கிறார்கள் போலிருக்கிறது.

இல்லை என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. "லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து நாட்குறிப்புகளை இறக்க ஸ்டூலை எடுத்துப் போட்டேன்.